ஆறாவது கட்டம்

படம் எடுக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.
ஒரு கால் இரண்டு விரற்கடை குட்டையாகி
பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து
சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.
வேறு எதுவும் கேட்க வேண்டாம்.
ஆனாலும் கேட்பேன்: எங்கே விழுந்தீர்கள்?

பாத்ரூமில். கேஸ் அடுப்பண்டை.
நாய் குறுக்கே வந்தது.
தேயிலைக் காட்டில் விழுந்தவர் ஒருவரும் இல்லை.
ஐம்பது வருஷம் கொழுந்து பறித்த சரிவு
அவர்களை ஒன்றும் செய்யவில்லை,
கட்டிலிலிருந்து செருப்பு வரைக்கும் உள்ள தூரம்தான்.

கோத்தகிரியில் எங்கள் எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் கிடையாது.
ஜூலையில் ஈயக் கவசம்கூட ஜில்லென்றிருக்கும்.
அதைக் கழற்றி மாட்டிவிட்டு
ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவேன்.
பெயர். வயது. எந்தப் பக்கம். எங்கே. தேதி.
ஆறாவது கட்டத்தைக் காலியாக விடுவேன்.
யாரும் எழுதச் சொல்லவில்லை.
அடுத்த வருஷம் அதே தேதியில் போன் செய்வேன்.

முப்பத்தெட்டு பெயர் ஆகிறது.
பதினொரு போனை வேறு யாரோ எடுத்தார்கள்.
"அவரா?" என்று ஒரு மூச்சு விட்டு
"மார்ச்சிலேயே" என்றார்கள்.
நெஞ்சுச் சளி. படுக்கைப் புண்.
"சோறே வேண்டாம்னுட்டாங்க."
எலும்பு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.
அது ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டு
ஒதுங்கி நின்றுகொள்ளும்.

பெள்ளியம்மாள், எண்பத்து நான்கு,
ஆறு மாதத்தில் திரும்ப வந்தார், இந்தமுறை வலது.
ஒரே ஆளுக்கு இரண்டு வரிசை.
எப்படி எண்ணுவதென்று இன்னும் தெரியவில்லை.

ஜோகி, எழுபத்தொன்பது, இடது, கட்டபெட்டு.
முப்பத்தோரு வருஷம் கண்டக்டர்.
ஒரு கையில் டிக்கெட் கட்டும்
காதில் பேனாவுமாக
குஞ்சப்பனை வளைவுகளை நின்றே கடந்தவர்
ரேஷன் சர்க்கரையை டப்பாவில் கொட்டத் திரும்பியபோது விழுந்தார்.
இல்லை, முதலில் ஒடிந்தது, பிறகுதான் விழுந்தேன் என்றார்.
சத்தம் கேட்டதாம்.
"முறுக்கு ஒடியற மாதிரிம்மா. அவ்ளோதான்."

இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்யவேண்டும் என்பார்கள்.
அவருக்கு ஒன்பதானது.
காப்பீட்டு அட்டையில் ஜோகி, ஆதாரில் யோகி.
எக்கோ எடுக்கும் ஆள் வியாழக்கிழமைதான் வருவார்.
அப்புறம் அரவேணு பக்கம் மண் சரிந்து ஒரு நாள்.
திருப்பூரிலிருந்து வந்த மகன்
வராண்டாவில் என்னிடம் மெதுவாகக் கேட்டான்:
"எண்பது வயசுல இதெல்லாம் தேவையா மேடம்?"
மோசமான ஆள் இல்லை.
மடித்த லீவு லெட்டர் அவன் சட்டைப்பையில்
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
நான் டாக்டர் இல்லை.
நோட்டை எடுத்துக் காட்டியிருக்கலாம்.
காட்டவில்லை. "சீக்கிரம் கொண்டுபோங்க" என்றேன்.

நூற்றியெட்டில் படுத்தபடியே கோயம்புத்தூர் இறங்கினார்.
டிரைவர் பிறகு சொன்னான்,
கண்ணை மூடிக்கொண்டு
ஒவ்வொரு ஸ்டேஜாகச் சொல்லிக்கொண்டே வந்தாராம்.
குஞ்சப்பனை தாண்டியதும்
"இன்வாய்ஸ் முடிக்கணும், கொஞ்சம் நிறுத்து" என்றாராம்.

இந்த ஆகஸ்ட் நான்கு. மழை.
ஏழு ரிங்.
எட்டாவதில் அவரே எடுத்தார்.
எனக்குப் பேச்சு வரவில்லை.
ராங் நம்பர் என்று வைக்கப் பார்த்தார்.

நடக்கிறீர்களா?
"வாக்கர் இருக்கு. வாசல் வரைக்கும்."
வாசலுக்கு அந்தப் பக்கம்?
"ஏழு படிம்மா."

டிக் போட்டேன்.
இருக்கிறார், இல்லை.
அந்த அளவுக்குத்தான் கட்டம் கிழித்திருந்தேன்.
ஏழு படியை எங்கே எழுதுவது?

அவர் போனை வைக்கவில்லை.
"மூணு பத்து ஊட்டி வண்டி" என்றார்,
"தினம் ஆரன் கேட்டு எழுதி வைக்கிறேன்.
போன மாசம் பதினாறு நாள் லேட்டு.
ரெண்டு நாள் வரவே இல்ல.
டெப்போவுல யாரையாவது தெரியுமா உனக்கு?"